பைத்தியம் யார்? – மாட்ஸ் ஏக்கின் ‘ஜிசெல்’ பற்றி ஒரு பார்வை

பாலே என்றதும் நம்மில் பலருக்குக் கண்முன் வருவது ஒரே காட்சிதான். கட்டைவிரல் நுனியில் நிற்கும் பெண், விரிந்த வெள்ளைப் பாவாடை, அன்னம்போல் வளைந்த கழுத்து. அந்த உருவத்தை உலகெங்கும் கொண்டு சேர்த்தவர்களில் முதன்மையானவர் ரஷ்யாவின் அன்னா பாவ்லோவா. அவரிடம் மனத்தைப் பறிகொடுத்த ருக்மிணி தேவி, பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த க்ளியோ நார்டியிடம் பாலே கற்கத் தொடங்கினார். ‘உன் நாட்டு நடனத்தைப் போய்ப் பார்’ என்று பாவ்லோவா திருப்பிவிட்டதும், 1936இல் கலாக்ஷேத்ரா பிறந்ததும் நாம் அறிந்த கதை. ஆக, பாலே நமக்கு முற்றிலும் அந்நியமல்ல. தூரத்து உறவு என்று சொல்லலாம்.

அந்தப் பாவ்லோவாவுக்குப் பெயர் வாங்கித் தந்த பாத்திரங்களில் ஒன்று ஜிசெல். ஸ்வீடன் நாட்டு நடன ஆசிரியர் மாட்ஸ் ஏக் 1982இல் அதே ஜிசெல்லை எடுத்துத் தலைகீழாகப் புரட்டிப்போட்டார். அது பழையதை அழித்த காரியமா, பழையதற்கு உண்மையாக இருந்த காரியமா என்பதே இக்கட்டுரை கேட்கும் கேள்வி.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நண்பர் வீட்டில் நாலைந்து பேராக உட்கார்ந்து இதன் ஒளிப்பதிவைப் பார்த்தோம். எங்களோடு பரதம் கற்பிக்கும் ஒரு மாமியும் இருந்தார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. “என்ன சார் இது? கால்ல ஷூவும் இல்லை, உடம்புல நளினமும் இல்லை. இந்தப் பொண்ணு ஏன் இப்படித் தரையில புரண்டுண்டு இருக்கா?” என்றார். நியாயமான கேள்வி. பதில் சொல்ல எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. பிறகு பல முறை பார்த்தபின் எழுதுவதே இது.

மேடைக்குள் பிறந்தவர்

மாட்ஸ் ஏக் 1945இல் ஸ்வீடனின் மால்மோ நகரில் பிறந்தார். தாய் பிர்கிட் குல்பெர்க், ஸ்வீடிஷ் நடனத்தின் பெரிய பெயர். ஸ்ட்ரிண்ட்பெர்க்கின் ‘மிஸ் ஜூலி’ நாடகத்தை 1950இல் பாலேயாக்கிப் புகழ் பெற்றவர். 1967இல் ‘குல்பெர்க் பாலே’ என்ற குழுவைத் தொடங்கியவர். தந்தை ஆண்டர்ஸ் ஏக் ஒரு நடிகர். பிலிம் சொசைட்டி காலத்துப் பழக்கம் உள்ள நம் அன்பர்கள் அவரைப் பார்த்தே இருப்பார்கள். இங்மார் பெர்க்மனின் ‘தி செவன்த் சீல்’ படத்தில், தங்களைத் தாங்களே சவுக்கால் அடித்துக்கொண்டு வரும் கூட்டத்தின் நடுவே நின்று மரண பயத்தைப் போதிக்கிறாரே ஒரு துறவி, அவர்தான். அண்ணன் நிக்லாஸ் நடனக் கலைஞர். உடன்பிறந்த இரட்டையர் மாலின் நடிகை. வீடே ஒரு நாடகக் கம்பெனி என்றால் மிகையில்லை.

ஆனால் மாட்ஸ் ஏக் நேராக நடனத்துக்கு வந்துவிடவில்லை. பதினேழு வயதில் டோன்யா ஃபாயர் என்ற அமெரிக்க நடனக் கலைஞரிடம் கொஞ்சம் பயிற்சி பெற்றார். அதன்பின் நாடகம் படித்தார். பொம்மலாட்டக் குழுவில் இயக்குநராக வேலை பார்த்தார். ஸ்டாக்ஹோமின் அரசு நாடக அரங்கில் பெர்க்மனுக்கு உதவியாளராக இருந்தார். நடனக்காரராகத் தாயின் குழுவில் சேர்ந்தது 1973இல்தான். அப்போது வயது இருபத்தெட்டை ஒட்டி. பாலேயில் எட்டு, பத்து வயதிலேயே காலைப் பழக்கத் தொடங்கிவிடுவார்கள். இருபத்தெட்டில் ஆரம்பிப்பவனைப் பார்த்தால், ‘உனக்கேன் தம்பி இந்த வேலை?’ என்றுதான் கேட்பார்கள்.

இந்தத் தாமதமே அவருடைய பலம் என்பது என் கணிப்பு. சிறுவயதிலேயே பாலேயில் ஊறியவர், ஓர் அசைவை ‘எப்படிச் செய்வது’ என்று கேட்பார். நாடகத்திலிருந்து வந்தவர் ‘ஏன் செய்ய வேண்டும்’ என்று கேட்பார். ஏக்கின் பாத்திரங்கள் அழகுக்காகக் கை தூக்குவதில்லை. தூக்கினால் எதையோ தள்ளுகிறார்கள், அல்லது எதற்கோ ஏங்குகிறார்கள். பொம்மலாட்டத்தின் சாயலும் உண்டு. சில நேரம் ஒரு முழங்காலோ தோளோ தனியாக முடிவெடுத்துக் கிளம்பிவிட, மிச்ச உடம்பு பின்னால் இழுபட்டுப் போவதுபோல் தோன்றும்.

முதல் படைப்பிலேயே இருந்த கேள்வி

ஏக்கின் முதல் நடனப் படைப்பு 1976இல் வந்தது. ஜெர்மன் எழுத்தாளர் கேயோர்க் ப்யூஷ்னரின் ‘வோய்செக்’ என்ற முடிவுபெறாத நாடகமே அதற்கு ஆதாரம். ஓர் ஏழைச் சிப்பாய் மேலதிகாரிக்கு ஏவல் செய்கிறான். காசுக்காக ஒரு டாக்டரின் பரிசோதனைக்கு உடம்பைக் கொடுத்துப் பட்டாணியை மட்டுமே தின்று கிடக்கிறான். புத்தி கலங்குகிறது, கடைசியில் கொலை. அவனைப் பைத்தியமாக்கியது யார் என்பதே அந்த நாடகம் கேட்கும் கேள்வி.

அடுத்த ஆண்டு வந்தது ‘சொவெட்டோ’. தென்னாப்பிரிக்காவில் 1976இல் பள்ளிப் பிள்ளைகள் சுட்டுக் கொல்லப்பட்ட கொடுமையைத் தொட்டது. அதில் எழுபதை நெருங்கிக்கொண்டிருந்த தாய் பிர்கிட் குல்பெர்க்கையே பூமித்தாய் போன்ற ஒரு பாத்திரத்தில் மேடையேற்றினார் மகன். 1978இல் லோர்காவின் நாடகத்தைத் தழுவிய ‘பெர்னார்டாவின் வீடு’. கணவன் இறந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து பெண்களை அடைத்துவைக்கும் தாயின் கதை. மூல நாடகத்தில் புத்தி பேதலித்த பாட்டியும் ஓர் அறையில் பூட்டப்பட்டிருக்கிறாள். அந்தக் கொடுங்கோல் தாய் வேடத்தை ஏக் ஓர் ஆணுக்குக் கொடுத்தார்.

இவற்றை வரிசையாக வைத்துப் பாருங்களேன். பூட்டிய வீடு, பரிசோதனை செய்யும் டாக்டர், பித்துப் பிடித்ததாகச் சொல்லி ஒதுக்கப்படுபவர். ‘ஜிசெல்’லுக்கு வருவதற்கு முன்பே ஏக்கின் கேள்வி தயாராகிவிட்டது. யாரைப் பைத்தியம் என்கிறோம்? அப்படிச் சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

1841: பழைய ஜிசெல்

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1841 ஜூன் 28 அன்று பாரிஸ் ஓபராவில் அரங்கேறியது. கதையமைப்பில் கவிஞர் தியோஃபீல் கோத்தியேவுக்குப் பெரும் பங்கு. இசை அடோல்ஃப் ஆதாம். நடன அமைப்பு கொராலியும் பெரோவும். முதல் ஜிசெல், கார்லொட்டா க்ரீஸி.

ஜிசெல் ஒரு கிராமத்துப் பெண். நாட்டியப் பித்து உள்ளவள். ஆல்பிரெக்ட் என்ற பிரபு, குடியானவன் வேஷத்தில் வந்து காதலிக்கிறான். அவளை ஏற்கெனவே விரும்பும் ஹிலாரியன் அந்த வேஷத்தைக் கலைக்கிறான். ஆல்பிரெக்ட்டுக்கு வேறொரு சீமாட்டியோடு நிச்சயம் ஆகியிருப்பது வெளிப்பட, ஜிசெல் புத்தி பேதலித்து அங்கேயே விழுந்து இறக்கிறாள். இது முதல் அங்கம்.

இரண்டாவது அங்கம் நள்ளிரவுக் காடு. கல்யாணத்துக்கு முன்பே இறந்த பெண்களின் ஆவிகள் அங்கே நடமாடுகின்றன. அவற்றுக்கு ‘வில்லி’ என்று பெயர். (நம் சினிமா வில்லிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனா வேலை என்னவோ கிட்டத்தட்ட அதேதான்!) மிர்த்தா என்பவள் தலைவி. வழியில் அகப்படும் ஆண்களைச் சாகும்வரை ஆடவைப்பார்கள். ஹிலாரியன் செத்துப்போகிறான். ஆல்பிரெக்ட்டை மட்டும் ஜிசெல்லின் ஆவி விடியும்வரை காத்து நின்று பிழைக்கவைக்கிறது.

இதில் ஒரு சௌகரியம் இருப்பதைக் கவனியுங்கள். ஏமாற்றப்பட்டவள் பைத்தியமானாள், உடனே செத்தாள், தேவதையானாள், மன்னித்தாள். ஏமாற்றியவன் கண்ணீரோடு வீட்டுக்குப் போனான். பார்ப்பவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

1982: புதிய ஜிசெல்

ஏக் அந்தச் சௌகரியத்தைத்தான் பிடுங்கினார். ஜிசெல் புத்தி பேதலிக்கிறாள், சரி. ஆனால் சாகவில்லை. அப்படியானால் அவளை எங்கே கொண்டுபோவார்கள்? ஒரே பதில்தான். மனநோய் விடுதிக்கு.

1982 ஜூலையில் குல்பெர்க் பாலே இதை அரங்கேற்றியது. ஜிசெல்லாக ஆடியவர் அனா லகூனா. ஸ்பெயினின் சரகோசாவில் பிறந்து, 1974இல் ஸ்வீடன் வந்து குழுவில் சேர்ந்தவர். பின்னர் ஏக்கின் மனைவி. ஆல்பிரெக்ட்டாக லுக் புய். காட்சியமைப்பு, ஓவியர் மரி-லூயிஸ் எக்மான்.

இங்கே ஜிசெல் கிராமத்தின் அழகி அல்ல, ஊரோடு ஒட்டாத பிறவி. தலையில் ஒரு தொப்பி, வெறும் கால், இடுப்பைச் சுற்றி ஒரு கயிறு. அந்தக் கயிற்றின் மறுநுனி ஹிலாரியன் கையில். அவள் ஓடிவிடக்கூடாது என்ற அக்கறையா, அவள் தனக்குச் சொந்தம் என்ற எண்ணமா? இரண்டும் கலந்தது. ஆல்பிரெக்ட் வெள்ளை உடுப்பில் வரும் நகரத்துக் கனவான். அவனோடு ஆடும்போது அவள் எதையும் மறைத்துக்கொள்வதில்லை. காலை அகட்டி, முழங்காலை ஆழமாக மடக்கித் தரையோடு தரையாக அசைகிறாள். மாமி கேட்டாரே, ‘ஏன் தரையில் புரள்கிறாள்’ என்று? பழைய ஜிசெல்லின் ஷூ, காற்றில் மிதக்கும் ஆவிக்காக ஏற்பட்டது. இவள் ஆவி ஆகப்போவதில்லை. இவளுக்கு எடை உண்டு. நம் அரைமண்டியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, உண்மையில் பழைய பாலேயைவிட இந்த நிலை நெருக்கமானது.

இரண்டாவது அங்கத்தில் காடு இல்லை. சுவரில் மூக்கு, விரல், மார்பு என்று துண்டு துண்டாக உடலுறுப்புகள் தீட்டிய அறை. வில்லிகள் வெள்ளை உடுப்பு நோயாளிகள். ஆவிகளின் தலைவி மிர்த்தா, தலைமை நர்ஸ். ஜிசெல்லின் தலையில் வெள்ளைக் கட்டு. மூளையின் ஒரு பகுதியை அறுத்துவிட்டார்கள் என்று பார்ப்பவருக்குப் புரிகிறது. முதல் அங்கத்தில் துள்ளிக் குதித்தவள், இப்போது யாரோ சாவி கொடுத்ததுபோல் நடக்கிறாள்.

‘லோபாட்டமி’ என்ற அந்த மூளை அறுவையின் முன்னோடி, போர்ச்சுகல் டாக்டர் எகாஸ் மோனிஸ். அவருக்கு 1949இல் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தது ஸ்டாக்ஹோம்தான். அதே ஸ்டாக்ஹோமின் கலைஞர் ஒருவர் முப்பத்துமூன்று ஆண்டுகள் கழித்து அந்தக் கட்டை ஜிசெல்லின் தலையில் சுற்றினார். ஏக் அதை நினைத்துத்தான் செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் சீரும் ஒழுங்குமான ஒரு நலவாழ்வு அரசு, ஒழுங்குக்குள் அடங்காத மனிதரை என்ன செய்யும் என்ற கேள்வி அந்த வெள்ளைத் துணியில் இருக்கிறது.

முடிவு என்ன? ஆல்பிரெக்ட் விடுதிக்கு வருகிறான். அந்தப் பெண்களின் வேதனை அவனைப் பிடித்து உலுக்குகிறது. கடைசியில், கதை தொடங்கிய அதே ஊர்ப்புறத்தில் அம்மணமாக, தன்னந்தனியாகக் கிடக்கிறான். அந்த வழியே வருபவன் ஹிலாரியன். எந்தக் காதலியை இருவரும் இழந்தார்களோ அவள் விஷயத்தில் ஜன்ம விரோதி. அவன் என்ன செய்கிறான்? ஒரு போர்வையை எடுத்து ஆல்பிரெக்ட்டுக்குப் போர்த்துகிறான். முதல் அங்கத்தில் கயிறு பிடித்த கை அது.

இத்தனைக்கும் ஆதாமின் இசையை ஏக் தூக்கி எறியவில்லை. 1841இல் கேட்ட இசைதான். ஆவிகள் மிதக்க எழுதிய மெட்டில் நோயாளிகள் தள்ளாடுகிறார்கள். காது ஒன்று சொல்ல, கண் வேறொன்று சொல்கிறது. அந்த இடைவெளியில்தான் நம் மனசாட்சி போய் மாட்டிக்கொள்கிறது.

மறுபக்கம்

புகழ்வதோடு நிறுத்தினால் அது விமர்சனம் ஆகாது. எனக்கு இரண்டு குறைகள் படுகின்றன.

முதலாவது, வில்லிகளின் கோபம் காணாமல் போய்விட்டது. பழைய கதையில் ஏமாற்றப்பட்ட பெண்கள் செத்தபிறகாவது பழிவாங்கினார்கள். ஆண் குலமே நடுங்கியது. ஏக்கின் கதையில் அவர்களிடம் அந்த அதிகாரமும் இல்லை, வெறும் நோயாளிகள். யதார்த்தம் அதுதான் என்று வாதாடலாம். ஆனால் கற்பனை கொடுத்த ஓர் ஆயுதத்தை யதார்த்தம் பறித்துக்கொண்டது என்பதும் உண்மை. இரண்டாவது, முதல் அங்கத்தின் பின்திரையில் மலையும் மேடும் பெண்ணுடலின் வளைவுகளாகத் தீட்டப்பட்டிருக்கின்றன. பெண் என்றால் இயற்கை, வெகுளி என்ற பழைய சமன்பாட்டை உடைக்கவந்த படைப்பு, அதை இன்னொரு வாசல் வழியாக உள்ளே விட்டுவிட்டதோ என்று தோன்றுகிறது.

பின்னர் வந்த மறுஆக்கங்கள் எல்லாமே இந்த ஆழத்தைத் தொட்டன என்றும் சொல்ல முடியாது. 1987இன் ‘அன்ன ஏரி’யில் ஆணும் பெண்ணுமாக மொட்டைத்தலை அன்னங்கள், வெறுங்காலோடு தொம் தொம்மென்று ஆடின. வேடிக்கையும் துணிச்சலும் நிறைய. 1996இல் ஹாம்பர்க் பாலேக்காகச் செய்த ‘உறங்கும் அழகி’யில், இளவரசி விரலில் குத்தும் ஊசி போதை ஊசியாகிவிட்டது. கேட்டவுடன் ‘அட!’ என்கிறோம். ஆனால் அந்த ‘அட’வுக்குப் பிறகு வெகுதூரம் போக வழியில்லை. ஏனென்றால் ‘ஜிசெல்’லில் ஏக் புதிய பொருளை வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டவில்லை. பைத்தியம் மூலக்கதையிலேயே இருந்தது. அதன் பின்விளைவை மட்டும் நேர்மையாகத் தொடர்ந்து போனார். ‘உறங்கும் அழகி’யில் ஊசிக்கு ஊசி என்ற சாமர்த்தியமே முன்னால் நிற்கிறது. மறுஆக்கம் செய்ய நினைக்கும் எவரும் இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும்.

பிற்காலம்

தாயோடு சேர்ந்தும் பிறகு தனியாகவும் குழுவை நடத்திய ஏக் 1993இல் விலகினார். அதே ஆண்டில் பாரிஸ் ஓபரா அவருடைய ‘ஜிசெல்’லை ஏற்றுக்கொண்டது. பழைய ஜிசெல் பிறந்த அதே வீட்டில் புதியவளுக்கும் இடம் கிடைத்தது. 2000இல் அதே ஓபராவுக்காக ‘அபார்ட்மெண்ட்’ செய்தார். டி.வி., சமையல் அடுப்பு, தரை துடைக்கும் வேக்குவம் கிளீனர் என்று வீட்டுச் சாமான்களே அங்கே கதாபாத்திரங்கள். ராணியும் ஆவியும் இல்லாமலே, பூட்டிய வீட்டின் கதையை மறுபடி சொன்னார்.

வயதான உடம்புக்கும் மேடையில் இடம் உண்டு என்பதை அவர்போல் வற்புறுத்தியவர் குறைவு. 2007இல் ‘பிளேஸ்’ படைப்பில் ஐம்பதைக் கடந்த லகூனாவும், அறுபதை நெருங்கிய பரிஷ்னிகோவும் ஒரு மேசையையும் கம்பளத்தையும் வைத்துக்கொண்டு ஆடினார்கள். அந்த முழங்கால்களின் தயக்கமே அங்கே அபிநயம்.

2016இல் ஓய்வு பெறுவதாக அறிவித்த ஏக், தம் படைப்புகளை இனி ஆட வேண்டாம் என்று திரும்பப் பெறத் தொடங்கினார். தாம் கண்காணிக்க முடியாதபோது அவை நீர்த்துவிடும் என்ற கவலை புரிகிறது. ஆனால் எனக்கு இதில் ஒரு முரண்பாடு தெரிகிறது. கோத்தியேயும் பெரோவும் அப்படிப் பூட்டிவைத்திருந்தால், ஏக்குக்கு ஒரு ‘ஜிசெல்’ கிடைத்திருக்குமா? நல்லவேளை, 2019இல் அவரே பாரிஸுக்குத் திரும்பிவந்தார். அங்கே ‘பொலேரோ’வில் இளைஞர்கள் கூட்டமாக ஆட, எழுபதைக் கடந்த அண்ணன் நிக்லாஸ் வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து ஒரு தொட்டியை நிரப்பிக்கொண்டே இருந்தார். மரபு என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் நான் பார்த்ததில்லை.

நிறைவாக

நம் சங்க மேடைகளிலும் ஆண்டுதோறும் எழும் கேள்வி ஒன்று உண்டு. ‘இது மரபா, மீறலா?’ ஊரைவிட்டு வந்து வாழும் நமக்கு அந்தக் கவலை கொஞ்சம் கூடுதல். கையில் கொண்டுவந்தது சிந்திவிடக் கூடாதே என்ற பயம். அதில் தப்பில்லை. ஆனால் எதைக் காப்பாற்றுகிறோம் என்று பார்க்க வேண்டும். ஷூவையா, கதையையா? ஏக் ஷூவைக் கழற்றினார். கதையையும் இசையையும் கடைசிவரை கைவிடவில்லை. மூலக்கதை கேட்கத் தயங்கிய கேள்வியைக் கேட்டார். இதை மீறல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அன்றைக்கு ஒளிப்பதிவு முடிந்தபின் மாமி வெகுநேரம் பேசவில்லை. புறப்படும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: “டான்ஸு எனக்குப் பிடிக்கலை சார். ஆனா அந்தப் போர்வை… கயித்தைப் பிடிச்சவனே போர்த்திவிடறான் பாருங்கோ. அதை மறக்க முடியலை.”

எனக்கும்தான்.